ஜம்பிங் சேணமா, முதலில் ஹெல்மெட்டா? குதிரையேற்றம் பழகும் பிள்ளைக்கு வாங்கும்போது நேரும் தவறுகள்

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி, வகுத்த அசைவுகளில் குதிரையை நடத்திக் காட்டும் டிரெஸாஜில் தங்கம் வென்றதைப் பார்த்த பிள்ளைக்கு, தானும் அப்படி ஏற வேண்டும் என்ற ஆசை வருவது நல்லதுதான். ஆனால் நாலு மாதம் பழகியதுமே டிரெஸாஜ் சேணம், ஜம்பிங் சேணம், முள் (குதிரையை முடுக்கப் பூட்ஸின் குதியில் மாட்டுவது) எனப் பட்டியல் நீள்கிறது. தொடக்கநிலையில் இவை எதுவும் தேவையில்லை. ஹெல்மெட், பூட்ஸ், உடற்கவசம் மூன்றும்தான் பிள்ளைக்கென்று சொந்தமாக, சரியான அளவில் வேண்டும். மற்றதெல்லாம் ஏறும் குதிரையைப் பொறுத்தது.

அந்த மூன்றிலும் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, பள்ளிச் சீருடை போல ‘வளர்ற பிள்ளை’ என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது. தொளதொளத்த ஹெல்மெட் விழும் வேகத்தில் பின்னே சரிந்து நெற்றியைத் திறந்து விட்டுவிடும். புருவத்துக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு நாடாவால் தலையைச் சுற்றி அளந்து வாங்குங்கள். போட்டபின், வாரைக் கட்டாமலே ஹெல்மெட்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் நெற்றித்தோலும் கூடவே அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாக நழுவினால் அளவு பெரிது. கொண்டையை உள்ளே திணித்தால் பொருத்தம் கெடும், தாழப் பின்னிவிடுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப்1163, பாஸ் 015 போன்ற குதிரையேற்றத் தரக்குறி இருக்க வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. பழையதை இரவலாகவும் வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டு வைத்தாலும் அந்த நுரை கெடும்.

உடற்கவசத்தில் இஎன் 13158 தரத்தின் மூன்றாம் நிலை என்று பார்த்து வாங்குங்கள். போட்டு ஐந்து நிமிடம் விட்டால் உடல்சூட்டில் நுரை இளகி உடம்போடு படியும். அதற்குப் பிறகுதான் பட்டைகளை இறுக்க வேண்டும். பிள்ளையைச் சேணத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். கவசத்தின் பின்விளிம்பு சேணத்தில் இடித்தால், ஒவ்வொரு துள்ளலிலும் கவசம் மேலேறிப் பிடரியில் முட்டும். வாயு நிரம்பும் ஏர் வெஸ்ட் இதற்கு மாற்று அல்ல.

ஸ்போர்ட்ஸ் ஷூவோடு ஏற்றாதீர்கள். குதிகால் இல்லாத ஷூ, சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதியான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடும். விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது இப்படித்தான். இரண்டு சென்டிமீட்டராவது குதி, வழவழப்பான அடிப்பாகம், பூட்ஸை விட இரண்டரை சென்டிமீட்டர் அகலமான அங்கவடி, இவ்வளவு போதும். ஒருபக்கம் ரப்பர் வளையம் உள்ள பாதுகாப்பு அங்கவடி எடை குறைந்த பிள்ளைகளுக்கு மிக நல்லது. ஆனால் வளையம் குதிரையின் பக்கம் இல்லாமல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் விழும்போது கால் விடுபடாது. வெடித்த ரப்பரை அன்றே மாற்றுங்கள்.

அடுத்தது, பிள்ளைக்கென்று தனிச் சேணம் வாங்கும் தவறு. சேணம் பொருந்த வேண்டியது முதலில் குதிரையின் முதுகுக்கு. பயிற்சிப் பள்ளியில் இன்று ஒரு குதிரை, நாளை வேறு குதிரை. தோள்மேடு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) அகன்ற குதிரையில் குறுகிய சேணத்தைக் கட்டினால் இருபுறமும் கிள்ளும், குதிரை காதைப் பின்னே மடித்து உதைக்கும். பிள்ளையோ குதிரை முரடு என்று நினைத்துக்கொள்ளும். தரையில் கிடத்திய கம்புகளைத் தாண்டவும், 60 சென்டிமீட்டர் வரை குதிக்கவும், எல்லாப் பயிற்சிக்கும் உதவும் பொதுச் சேணமே போதும். அங்கவடி வாரை இரண்டு துளை சுருக்கினால் சரி. டிரெஸாஜ் சேணத்தின் நீண்ட மடலில் (கால் படியும் பக்கத்தோலில்), உட்காரப் பழகாத பிள்ளை அங்கவடியைத் தேடி நுனிக்காலில் தொங்கும், குதிகால் மேலெழும்பிவிடும்.

முள்ளும் இரட்டைக் கடிவாளமும் இன்னும் ஆபத்து. ஓட்டத்தில் கீழ்க்கால் ஆடாமல் நிற்கும்வரை முள் கூடாது. ஆடும் ஒவ்வொரு முறையும் அது குத்தும். இரட்டைக் கடிவாளத்தில் குதிரையின் வாயில் இரண்டு பிட் (வாய்க்குள் போடும் உலோகத் துண்டு), கையில் நான்கு லகான். நிலை தடுமாறும் பிள்ளை லகானைப் பிடித்துத் தொங்கினால் குதிரையின் தாடைக்குக் கீழே போகும் சங்கிலி இறுகி, குதிரை வலியில் தலையை உதறும். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போனி (சிறிய இனக் குதிரை) டிரெஸாஜ் போட்டிகளிலேயே ஒற்றை பிட் கொண்ட எளிய ஸ்னாஃபிள் கடிவாளம்தான் போடுகிறார்கள்.

குதிக்கப் பழகும்போது உண்மையில் வேண்டியது ஒரு பழைய அங்கவடி வார். அதைக் குதிரையின் கழுத்தைச் சுற்றி, கழுத்து நடுப்பகுதிக்கு அருகே கைக்கு எட்டும்படி கட்டுங்கள். தாண்டும் நொடியில் பிள்ளை அதைப் பிடித்தால் குதிரையின் வாய் தப்பிக்கும்.

80, 90 சென்டிமீட்டருக்கு மேல் சீராகக் குதித்து, முழங்கால் பொதுச் சேணத்தின் மடலைத் தாண்டி முன்னே போகத் தொடங்கும்போது ஜம்பிங் சேணம் தேடலாம். அப்போதும் ஒரே குதிரை நிலையாகக் கிடைத்த பிறகே தேடுங்கள். வாங்குமுன் அந்தக் குதிரை மேல் கட்டி, ஏறிய நிலையில் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு விரலாவது நுழைகிறதா பாருங்கள். அரைமணி ஓட்டிவிட்டு இறக்கியதும் முதுகின் வியர்வைத் தடத்தைக் கவனியுங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, தோள்மேட்டின் இருபுறமும் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்துகிறது என்று சந்தேகித்து, சேணம் பொருத்தத் தெரிந்தவரைக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.