ஆற்றங்கரை ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றலும் கருவிகளைப் பேணலும்

ஆற்றங்கரையை அடைத்து வளரும் அயல் செடிகளை அகற்ற முன்வரும் தன்னார்வலர்களின் உழைப்பு பெரும்பாலும் தரைக்கு மேலே தெரிவதை வெட்டுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. வெட்டிய செடி அடுத்த மழையில் முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்து நிற்கும். ஆகவே வேரின் தலைப்பகுதி வரை செல்லும் திட்டமும், அதற்கு ஏற்ற கூர்மையான கருவிகளும் இல்லாமல் வேலையைத் தொடங்காதிருப்பதே நல்லது.

கரைக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி பெற்ற பின், நீர் குறைந்திருக்கும் பருவத்தில், செடிகள் பூத்துக் காய்ப்பதற்கு முன்பாகவே பணியைத் தொடங்க வேண்டும். விதைகளும் தண்டுத் துண்டுகளும் நீரோடு கீழ்நோக்கிச் செல்வதால், மேற்புறத்திலிருந்து கீழ்நோக்கி வேலை செய்ய வேண்டும்; இல்லையெனில் துப்புரவான பகுதிக்கு மேலிருந்து மீண்டும் விதை வந்து சேரும். இன்னதென்று அடையாளம் தெரியாத செடியை யாரும் தொடக்கூடாது.

சீமைக் கருவேலத்தின் உறங்கும் மொட்டுகள், அதாவது மரத்தை வெட்டிய பின் துளிர்ப்பவை, தரைக்குக் கீழும் இருப்பதால், அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழமாவது மண்ணைப் பறித்து, அம்மொட்டுகளுக்குக் கீழே வேரை வெட்ட வேண்டும். அதன் முள் மெல்லிய செருப்பை எளிதில் துளைக்குமாதலால் தடித்த அடியுள்ள காலணி கட்டாயம். உண்ணிச்செடியைத் தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டித் தூக்கி, மீண்டும் வேர் பிடிக்காதபடி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கின் ஒரு துண்டு ஈர மண்ணில் கிடந்தாலே வேர்விடும் என்பதால், வெட்டிய தண்டுகளை எண்ணிப் பொறுக்குவது போன்ற கவனம் தேவை. ஆகாயத்தாமரையின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீரே என்பதால், அதை வெள்ளம் எட்டாத மேட்டில் குவித்துக் காயவிட்டு, சுமை குறைந்த பின் அப்புறப்படுத்தலாம்.

சரிவான கரையில் பெரிய மரங்களை வேரோடு பெயர்ப்பது மண்ணரிப்புக்கு வழிவிடும். அங்கே வேரை விட்டுவிட்டு, துளிர்க்கும் கிளைகளைத் திரும்பத் திரும்பக் கழித்து மரத்தைச் சோர்வடையச் செய்வதே மெதுவானாலும் பாதுகாப்பான வழி. கரை முழுவதையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காமல் திட்டுத் திட்டாக அகற்றி, வெறுமையான இடத்தில் அக்கரைக்கே உரிய கோரை, நாணல் போன்றவற்றை உடனே நட வேண்டும். மண்ணில் தங்கிய விதைகள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். எனவே ஒவ்வொரு மழைக்குப் பின்னும் வந்து, கையால் பிடுங்கக்கூடிய நிலையிலேயே நாற்றுகளை எடுத்துவிட வேண்டும். இந்த மறுவருகையே முதல்நாள் வேலையைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

கருவிகளைத் துப்புரவு செய்வதும் களையெடுப்பின் ஒரு பகுதியே. மண்வெட்டியின் காதிலும் காலணியின் அடியிலும் ஒட்டிய சேற்றில் விதைகள் இருக்கும். அவற்றை ஆற்றில் அலசினால் விதைப்பதாகிவிடும். இடத்தை விட்டு நகருமுன் சேற்றைச் சுரண்டி எடுத்து, மீதியைக் கரையிலிருந்து தள்ளிக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்த பின்னரே கூர் தீட்ட வேண்டும்.

அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். இழுக்கையில் அழுத்தினால் அரத்தின் பற்களே மழுங்கும். கருவியில் ஏற்கெனவே உள்ள சாய்வை மாற்றாமல் அதே கோணத்தில் அராவி, மறுபக்கம் எழும் பிசிறைச் சாணைக்கல்லால் மெல்ல நீக்கினால் போதும். கிளை வெட்டும் கத்தரியில் சாய்வுள்ள அலகை மட்டுமே தீட்ட வேண்டும்.

கருவியின் ஆடும் மரக் காம்பைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் பரவலாக உள்ளது. மரம் அப்போதைக்கு உப்பிப் பிடித்துக்கொள்ளும்; காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். புதிய ஆப்பு அடிப்பதே சரி. விரிசல் கண்ட காம்பை மாற்றிவிட வேண்டும். காம்புகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் மரம் வறண்டு வெடிப்பது குறையும். அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடுமாதலால், அதை வெளியில் விரித்துக் காயவிட்ட பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.