ஒன்ராறியோ உயர்பள்ளி: 30 கிரெடிட்டில் எதை மாற்றலாம், எப்படிக் கேட்பது

இலங்கையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு படித்துவிட்டு கனடாவின் ஒன்ராறியோவுக்கு வரும் பிள்ளையின் பெட்டியில் முதலில் வைக்கவேண்டியவை தவணை அறிக்கைகள். சாதாரண தரப் பெறுபேறு இருந்தால் அதுவும். உயர்பள்ளியை முடித்ததற்கான டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 110 மணித்தியாலப் பாடம். 2024 செப்டெம்பரில் இருந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்பவர்களுக்கு அதில் 17 கட்டாயம், 13 விருப்பம். ஊர்ப் படிப்புக்கு எத்தனை கிரெடிட் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் பள்ளி அதிபர். தமிழில் உள்ள தாள்களைச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எழுதுவித்துக் கொடுங்கள். எத்தனை கிரெடிட்டை ஏற்றார்கள், எந்தக் கட்டாயப் பாடம் பாக்கி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆங்கிலத்தில் நான்கு கிரெடிட் கட்டாயம். இவற்றில் மூன்று வரை ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) வகுப்புகளாக இருக்கலாம், நான்காவது பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமாக இருந்தே ஆகவேண்டும். "ஈ.எஸ்.எல். வேண்டாம், பிள்ளை பின்தங்கிவிடும்" என்று மறுக்கும் பெற்றோர் பலர். அந்த வகுப்புகளும் கணக்கில் சேரும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பிரெஞ்சும் ஒரு கட்டாயப் பாடம்; அதன் எழுத்தே அறியாமல் வருபவருக்கு அது பெரும் சுமை. அதிபர் மூன்று கட்டாயப் பாடங்கள் வரை மாற்றித் தரலாம். மாற்றாக எடுப்பதும் கட்டாயத் தேவைக்குச் செல்லும் பாடமாக இருக்கவேண்டும். 30 என்ற மொத்தம் குறையாது. முதலில் பள்ளியின் வழிகாட்டல் கவுன்சிலரிடம் பேசுங்கள், பிறகு அதிபருக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், கல்விச் சபையின் மேற்பார்வை அதிகாரியிடம் மீளாய்வு கோரலாம்.

மிகக் கவனம் வேண்டிய இடம் ஐ.ஈ.பி. எனும் தனிநபர் கல்வித் திட்டம். கற்றல் சிரமம் உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம், கணினி, அமைதியான அறை போன்ற வசதிகள் மட்டும் எழுதப்பட்டால் கிரெடிட்டுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. பாடத்தின் எதிர்பார்ப்புகளையே மாற்றினால், கிரெடிட் கிடைக்குமா என்பது அதிபரின் முடிவு. குறியீடு 'கே' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பாடங்களுக்குக் கிரெடிட்டே கிடையாது. ஆசிரியர் அன்பாகச் சொன்னார் என்று தலையாட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் கிரெடிட்டை எண்ணித் திகைக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. "இந்தப் பாடத்துக்குக் கிரெடிட் உண்டா?" என்று ஒவ்வொரு பாடமாகக் கேளுங்கள். 30ஐ எட்ட முடியாதவருக்கு 14 கிரெடிட்டில் பெறும் சான்றிதழும் இருக்கிறது.

டிப்ளோமாவுக்குத் தேவையான பத்தாம் வகுப்பு எழுத்தறிவுத் தேர்வை, ஆங்கிலம் இன்னும் போதாத பிள்ளைக்குத் தள்ளிவைக்கக் கேட்கலாம். எழுதித் தேறாதவர் அதற்குரிய பாடத்தை எடுத்துத் தேவையை நிறைவேற்றலாம். அது பதினோராம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலக் கிரெடிட்டாகவும் எண்ணப்படும்.

டிப்ளோமாவுக்குத் தன்னார்வச் சேவையும் 40 மணித்தியாலம் வேண்டும். இடையில் வந்து சேர்ந்தவருக்கு எத்தனை மணி என்பதை அதிபர் தீர்மானிப்பார். இணையவழியில் இரண்டு கிரெடிட் எடுக்கவேண்டும் என்ற விதியிலிருந்து விலகப் பெற்றோர் படிவம் கொடுக்கலாம். புதுமொழியில் திரைமுன் தனியே படிப்பது கடினம்; பிள்ளையைப் பள்ளியில் பதிவு செய்யும் நாளிலேயே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.