இரண்டு, இரண்டு: பழைய கொரோலா சொன்ன கோளாறு

எஞ்சினைக் கழற்றி முழுமையாகத் திருத்திப் பூட்டிய என் 1993ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஒரு வாரத்திலேயே காலையில் தடுமாறத் தொடங்கியதுடன் செக் எஞ்சின் விளக்கையும் எரியவிட்டது. திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் நண்பர் வைத்திருந்த, புதிய கார்களின் கோளாறைப் படிக்கும் 16 முனை ஸ்கேனர் இதற்குப் பொருந்தாது. இவ்வகைக் கார் தன் குறையை விளக்கைச் சிமிட்டியே சொல்லும்.

பொனட்டின் கீழுள்ள சோதனைப் பெட்டியில் டிஈ1, ஈ1 ஆகிய முனைகளைச் சிறு வயரால் இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினேன். விளக்கு இருமுறை சிமிட்டி, சற்று நின்று, மீண்டும் இருமுறை சிமிட்டியது. முதலில் அதனை நான்கு என்று எண்ணி ஒரு மாலைப் பொழுதை வீணாக்கினேன். அந்த இடைவெளியே பத்தின் இலக்கத்தையும் ஒன்றின் இலக்கத்தையும் பிரிக்கிறது என்பதால், அது 22 என்ற குறியீடு, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை சென்சரின் மின்சுற்றுக் கோளாறு.

டாஷ்போர்டின் வெப்பமானி சரியாகவே காட்டியதால் நான் நம்பவில்லை. ஆனால் அதற்கான சென்சர் வேறு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கான சென்சர் வேறு. குறியீடு பழுதான பாகத்தை அல்ல, சுற்றையே சுட்டுகிறது என்பதால், புதியது வாங்குமுன் சென்சரின் மின்தடையை மல்டிமீற்றரால் அளந்தேன்: குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 2000 ஓம், சூடானதும் சுமார் 300 ஓம். சூடாகும்போது தடை இப்படிக் குறைவதே முறை என்பதால், சென்சரில் குறையில்லை. செருகியைக் கழற்றியபோதுதான் கடற்காற்றில் பச்சை பூத்திருந்த முனையும், பூட்டும்போது நானே இழுத்துத் தளர்த்திய வயரும் தெரிந்தன.

முனையைச் சுத்தம் செய்து, வயரை மாற்றி, ஈஎஃப்ஐ (மின்னணு எரிபொருள் செலுத்தல்) பியூசை ஒரு நிமிடம் கழற்றி மாட்டிப் பழைய பதிவை அழித்தேன். டிஈ1, ஈ1 முனைகளை மறுபடி இணைத்துப் பார்த்தபோது விளக்கு இடைவெளியின்றிச் சீராகச் சிமிட்டியது. பதிவில் குறை ஏதுமில்லை என்பதற்கான அடையாளம் அது.