ஸ்டீல்ஹெட்டுக்கு தக்கை போடுறது எப்படி: ஜிக், பிங்க் வார்ம் வச்சு முதல் சீசன் ஆரம்பிக்கிறவங்களுக்கு

சியாட்டில் பக்கம் குடியிருந்துட்டு குளிர்காலம் முழுக்க மழை மழைன்னு வீட்டுக்குள்ளயே இருக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், வீட்ல இருந்து ஒரு மணி ரெண்டு மணி நேர டிரைவ்ல இருக்கிற ஆத்துக்குள்ள கடல்ல இருந்து ஸ்டீல்ஹெட் ஏறி வந்துட்டு இருக்கும். கோடையில ஏறி வர்ற கூட்டமும் இருக்கு, ஆனா இங்க நான் சொல்றது விண்டர் மீனப் பத்தி.

ரெயின்போ ட்ரௌட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம்தான். ஒண்ணு ஆத்துலயே தங்கிடும், இன்னொண்ணு கடலுக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் நல்லா தின்னு பெருத்துட்டு முட்டை போட பிறந்த ஆத்துக்கே திரும்பி வரும். பசிபிக் சால்மன் முட்டை போட்டதும் செத்துடும், ஸ்டீல்ஹெட்ல சிலது பொழச்சு கடலுக்குப் போய் மறுபடியும் வரும். வாஷிங்டன் ஸ்டேட்டோட மீனே இதுதான், 1969ல அறிவிச்சாங்க.

இந்த மீனுக்கு எந்த கலர் ஜிக் (ஈயத் தலை வச்ச முள்ளு), எந்த பிராண்ட் ராடுன்னுதான் புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. அதெல்லாம் ரெண்டாவது. தக்கை தண்ணியோட தண்ணியா, எந்த இழுப்பும் இல்லாம மிதந்து போகுதா இல்லையாங்கிறதுலதான் மீன் கிடைக்கிறதும் கிடைக்காததும் இருக்கு. இதுக்கு ட்ரிஃப்ட்னு பேரு. இந்தப் பதிவுல முக்கியமான பகுதி அதப் பத்திதான், அந்த இடம் வரும்போது பொறுமையா படிங்க.

மொதல்ல லைசன்ஸ், ரூல்ஸ்

15 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிற எல்லாருக்கும் ஃப்ரெஷ்வாட்டர் லைசன்ஸ் வேணும், கூடவே வச்சுக்கிற மீன எழுதுற கேட்ச் ரெக்கார்ட் கார்டும் வேணும். லைசன்ஸ் வருஷம் ஏப்ரல் 1ல ஆரம்பிச்சு மார்ச் 31ல முடியும், அதனால மார்ச் மாசம் வாங்குறவங்க தேதிய கவனிச்சுக்கோங்க. ஃபிஷ் வாஷிங்டன்னு ஒரு ஆப் இருக்கு, போறதுக்கு முன்னாடி நாள் ராத்திரி அதுல அந்த ஆத்தோட ரூல் பாத்துடுங்க, ஏன்னா சீசன் நடுவுல திடீர்னு எமர்ஜென்சி ரூல் போட்டு ஆத்தையே மூடுவாங்க.

கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல சின்னதா சதை மாதிரி ஒரு துடுப்பு இருக்கும், அடிபோஸ் ஃபின்னு சொல்வாங்க. ஹேட்சரியில, அதாவது மீன் குஞ்சு பொரிக்கிற பண்ணையில வளத்து விட்ட மீனுக்கு அத சின்ன வயசுலயே வெட்டி விட்டுருப்பாங்க, அந்த இடம் ஆறி தழும்பா இருக்கும். துடுப்பு இருந்தா அது காட்டு மீன், திருப்பி விட்டே ஆகணும், அதுவும் தண்ணிய விட்டு முழுசா வெளிய தூக்காமலே விடணும், அதுதான் இங்க சட்டம். புஜெட் சவுண்ட் ஆறுகள்ல இருக்கிற ஸ்டீல்ஹெட்ட 2007லயே ஆபத்துல இருக்கிற உயிர்னு ஃபெடரல் பட்டியல்ல சேத்துட்டாங்க. ஒரு போட்டோவுக்காக அத கரையில போட்டு புரட்டுறத பாத்தா எனக்கு உண்மையிலேயே மனசு கொதிக்கும்.

என்ன வாங்கணும்

9 அடி 6 இஞ்ச்ல இருந்து 10 அடி 6 இஞ்ச் வரைக்கும் நீளமான ராடு, 8ல இருந்து 12 பவுண்ட் லைனுக்கான ரேட்டிங். ராடு நீளம்ங்கிறது இங்க ஸ்டைலுக்கு இல்ல, தண்ணி மேல கிடக்கிற லைன தூக்கி வைக்கிறதுக்கு அந்த நீளம் வேணும். 7 அடி ராடு ஏற்கனவே வீட்ல இருக்குன்னு அதையே எடுத்துட்டு வராதீங்க, ரொம்ப கஷ்டப்படுவீங்க. 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் போதும். அதுல மிதக்குற 30 பவுண்ட் பிரெய்ட் லைன், அதாவது பின்னின நூல் லைன் சுத்திக்கோங்க. நைலான் நரம்பும் போடலாம், ஆனா அது மெல்ல தண்ணிக்குள்ள இறங்கிடும், அப்புறம் தூக்கி வைக்கிறது சிரமம். ரொம்ப குளிர்ற காலையில பிரெய்ட் தண்ணிய உறிஞ்சி ராடு வளையத்துல ஐஸ் கட்டும், அத அப்பப்ப விரலால உடைச்சு விடணும்.

ஜிக் 1/8 அவுன்ஸ்ல மூணு கலர் போதும்: பிங்க்கும் வெள்ளையும் கலந்தது, கருப்பும் சிவப்பும் கலந்தது, ஒரு பர்ப்பிள். மாரபூ இறகு கட்டினதா பாத்து வாங்குங்க, சும்மா மிதந்து போனாலே அந்த இறகு மூச்சு விடுற மாதிரி அசையும், நீங்க ராட ஆட்டவே வேண்டாம். அதோட 3ல இருந்து 6 இஞ்ச் வரைக்கும் பிங்க் பிளாஸ்டிக் வார்ம் (புழு) ஒரு பாக்கெட், அதுக்கு வெறும் ஜிக் ஹெட் கொஞ்சம். தண்ணி கலங்கி இருந்தா பெரிய வார்ம், தெளிஞ்சு குறைஞ்சு கிடந்தா சின்ன ஜிக் இல்லன்னா 3 இஞ்ச் வார்ம், இது என்னோட கணக்கு.

வார்ம கோக்கும்போது அவசரப்படாதீங்க. தலையோட நடுவுல முள்ள நுழைச்சு, உடம்பு வழியா நேரா தள்ளி, முதுகுப் பக்கம் வெளிய எடுங்க. கோணலா கோத்தா தண்ணியில சுத்திக்கிட்டே போகும், லீடர், அதாவது ஜிக்குக்கு மேல கட்டுற தனி லைன் துண்டு, முறுக்கிக்கும்.

இறால் துண்டு, நிஜ மண்புழு எல்லாம் முள் நுனியில குத்தலாமான்னா, பெய்ட் அனுமதிக்கிற ஆத்துல தாராளமா குத்தலாம். செலக்டிவ் கியர்னு ரூல் போட்ட இடத்துல பெய்ட்டும் கூடாது, வாசனை தடவினதும் கூடாது, முள்ளும் பார்ப் (நுனியில பின்னோக்கி நிக்கிற சின்ன முள்) இல்லாம ஒத்த முள்ளாதான் இருக்கணும்.

தூண்டில கட்டுற வரிசை

மேல இருந்து கீழ போவோம். மெயின் லைன்ல மொதல்ல பாபர் ஸ்டாப், அதாவது சின்ன குழாய்ல சுத்தி விக்கிற கலர் நூல் முடிச்சு, அத லைனுக்கு ஏத்தி இறுக்கி மிச்ச நூல வெட்டிடுங்க. அடுத்து ஒரு சின்ன மணி, அடுத்து ஸ்லைடிங் ஃப்ளோட், அதாவது லைன்ல நகர்ற தக்கை, அடுத்து இன்னொரு மணி, அதுக்குக் கீழ ஓட்டை உள்ள ஈயக்குண்டு, அப்புறம் ஸ்விவெல், அதாவது லைன் முறுக்காம சுழல்ற சின்ன இணைப்பு. ஸ்விவெல்ல இருந்து 10 பவுண்ட் ஃப்ளோரோகார்பன் லீடர் 18ல இருந்து 24 இஞ்ச், அது நுனியில ஜிக்.

ஊர்ல கம்மாயில தக்கை போட்டவங்களுக்கு ஒரு வித்தியாசம் தெரியும், அங்க தக்கைய ஒரே இடத்துல கட்டிடுவோம். இங்க ஆழம் 8, 10 அடி வரைக்கும் போகும், அத்தனை நீளத்த தொங்க விட்டு வீச முடியாது. ஸ்லைடிங் ஃப்ளோட்னா வீசும்போது எல்லாம் கீழ வந்து சேந்துக்கும், தண்ணியில விழுந்ததும் ஈயம் லைன இழுத்துட்டு இறங்கி, அந்த நூல் முடிச்சு வந்து தக்கைய முட்டுற ஆழத்துல நின்னுடும். ஆழம் மாத்தணுமா, முடிச்ச மேலயோ கீழயோ நகத்தினா போதும்.

எடை கணக்கு ரொம்ப முக்கியம். ஃப்ளோட்ல 3/8 அவுன்ஸ்னு போட்டிருந்தா, 1/4 அவுன்ஸ் ஈயமும் 1/8 அவுன்ஸ் ஜிக்கும் சேந்து சரியா வந்துடும். அப்ப தக்கையோட கலர் நுனி மட்டும் வெளிய தெரிஞ்சு நேரா நிக்கும். எடை குறைஞ்சா தக்கை படுத்துக்கும், மெல்லிசா கடிக்கிற மீனுக்கு அத கீழ இழுக்கவே பெரிய பாடா இருக்கும், வாய்ல எடுத்தத உடனே துப்பிடும். இன்னொண்ணு, ஜிக் தண்ணியில படுக்கை வாட்டுல தொங்கணும், அதனால லீடர் கட்டின முடிச்ச ஜிக்கோட வளையத்துல மேல் பக்கமா நகத்தி வச்சுட்டு வீசுங்க.

எங்க, எப்ப

ஸ்கைகோமிஷ் ஆத்துல கோல்ட் பார் ஊர் பக்கத்துல ரைட்டர் பாண்ட்ஸ்னு ஹேட்சரி இருக்கு, ஸ்னோக்வால்மில டோகுல் கிரீக் வந்து சேர்ற இடம் இருக்கு, இங்க எல்லாம் ஹேட்சரி மீனுக்கு டிசம்பர், ஜனவரி. தெற்க ஐ-5 பிடிச்சுப் போனா கௌலிட்ஸ் ஆத்துல ப்ளூ கிரீக், அங்க கொஞ்சம் லேட்டா பிப்ரவரிக்கு மேல. கௌலிட்ஸ் அணைக்குக் கீழ ஓடுற ஆறு, மத்த ஆறு எல்லாம் மழையில பொங்கி கலங்கிக் கிடக்கும்போதும் அது பெரும்பாலும் மீன் பிடிக்கிற மாதிரி இருக்கும், அதனாலயே கூட்டமும் இருக்கும். வரிசையா நின்னு எல்லாரும் ஒண்ணா வீசி ஒண்ணா எடுப்பாங்க, நீங்களும் அந்த தாளத்துல சேந்துக்கோங்க, குறுக்க வீசினா பத்து பேர் லைன் சிக்கும்.

ஆத்து அளவ யு.எஸ்.ஜி.எஸ் (அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வுத் துறை) சைட்ல லைவா பாக்கலாம். மழை பெஞ்சு ஏறின ஆறு இறங்கி தெளிய ஆரம்பிக்கிற நேரம்தான் நல்ல நேரம். ரெண்டுல இருந்து நாலு அடி வரைக்கும் உள்ள தெரிஞ்சு, தண்ணி ஒரு மாதிரி பச்சையா இருந்தா லீவு போட்டாவது போங்க. ஏறிட்டு இருக்கிற ஆத்துக்கு போறது வேஸ்ட்.

மீன் எங்க நிக்கும்னா, நீங்க நடக்கிற வேகத்துல ஓடுற தண்ணி, 3ல இருந்து 8 அடி ஆழம். வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசுற கோடு தெரியும் பாருங்க, அந்த கோட்ட ஒட்டி. பெரிய பாறைக்குப் பின்னால. மடு முடிஞ்சு தண்ணி மறுபடி மேடாகி ஆழம் குறையுற இடத்துல. மேல ஏறி வந்த மீன் களைப்பாறுற இடம் அதுதான்.

ட்ரிஃப்ட்

மொதல்ல ஆழம். ஸ்டீல்ஹெட் மேல பாத்து சாப்பிடுற மீன், ஜிக் அதோட தலைக்கு மேல வரலாம், வயித்துக்குக் கீழ போனா பாக்காது. அதனால தரையில இருந்து ஒரு அடி மேல ஜிக் போகணும். கண்டுபிடிக்கிறது ஈசி: கம்மியா வச்சு ஆரம்பிச்சு ஒவ்வொரு வீச்சுக்கும் அரை அடி கூட்டிட்டே போங்க, தக்கை அங்கங்க தடுக்கி தடுக்கி போக ஆரம்பிச்சா தரை தட்டுதுன்னு அர்த்தம், அங்க இருந்து ஒரு அடி குறைச்சுக்கோங்க.

வீசும்போது நேரா எதிர்ல இல்லன்னா கொஞ்சம் மேலாத்துப் பக்கமா வீசுங்க. தக்கை விழுந்ததும் உங்களுக்கும் தக்கைக்கும் நடுவுல லைன் தண்ணி மேல கிடக்கும், பிரச்சினையே அங்கதான். நடு ஓட்டம் வேகமா இருந்தா அது லைன வில்லு மாதிரி வளைச்சு கீழாத்துப் பக்கம் தள்ளும், அந்த வளைவு தக்கைய இழுக்கும், ஜிக் மேல எழும்பி ஓடும். மீனுக்கு அது இயற்கையா தெரியாது, குளிர் தண்ணியில அது துரத்திட்டும் வராது. அதனால வளைவு விழுறதுக்கு முன்னாடியே ராடு நுனிய தூக்கி, தக்கைய அசைக்காம, லைன மட்டும் மேலாத்துப் பக்கம் புரட்டிப் போடுங்க. மெண்டிங்னு சொல்றது இதத்தான். ஒரு ட்ரிஃப்டுக்கு ரெண்டு மூணு தடவை கூட பண்ண வேண்டியிருக்கும். அப்புறம் தக்கை கீழ போகப் போக ரீல்ல லைன பிடிச்சு வைக்கிற கம்பிய (பெயில்) திறந்து லைன விட்டுக்கிட்டே இருங்க, தளர்வாவும் வேண்டாம், இறுக்கமாவும் வேண்டாம்.

தக்கையே உங்களுக்கு தகவல் சொல்லும். அதோட தலை தண்ணி போற பக்கமா சாஞ்சு போனா ஜிக் கீழ உரசிட்டு பின்தங்குது, ஆழத்த குறைங்க. தலை மேலாத்துப் பக்கம் சாஞ்சா நீங்க லைன பிடிச்சு இழுத்துட்டு இருக்கீங்க. நேரா நின்னு, பக்கத்துல மிதக்குற நுரையோட அதே வேகத்துல போச்சுன்னா ட்ரிஃப்ட் சரி. கை பழகினப்புறம் இன்னொரு நுணுக்கம் இருக்கு: அடியில தண்ணி மேல விட மெதுவா ஓடும், அதனால தக்கைய லேசா, ரொம்ப லேசா பிடிச்சு விட்டா ஜிக் முன்னால போய் மீனுக்கு மொதல்ல தெரியும். முதல் சில தடவை அத முயற்சி பண்ண வேண்டாம்.

கால் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. கரையில இருந்து பத்தடிக்குள்ளயே மீன் நிக்கும், தண்ணிக்குள்ள இறங்கி நின்னா அத நீங்களே விரட்டிடுவீங்க. ஒரே தடத்துல நாலஞ்சு வீச்சு, அடுத்தது ரெண்டு மூணு அடி தள்ளி, இப்படியே எட்டுற வரைக்கும் போய்ட்டு ரெண்டு எட்டு கீழ நகந்து மறுபடியும்.

கடிச்சா

சில நேரம் தக்கை சட்டுனு காணாமப் போகும். பல நேரம் லேசா நிக்கும், நடுங்கும், பக்கவாட்டுல நகரும். எது வித்தியாசமா இருந்தாலும் யோசிக்காம தளர்ந்த லைன சுத்திக்கிட்டே ராட வீச்சா இழுங்க. பாறையா இருந்தா பரவாயில்ல.

டிராக, அதாவது ரீல்ல இருந்து லைன் வெளிய ஓடுற இறுக்கத்த, லீடர் பலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வைக்காதீங்க. ஓடணும்னா ஓட விடுங்க, குதிச்சா ராடு நுனிய தாழ்த்துங்க, கீழாத்துப் பக்கம் ஓடுச்சுன்னா கரையோரமா நீங்களும் கூட நடந்து மீனுக்கு நேராவோ கீழயோ வரப் பாருங்க. முடிச்சு இல்லாத ரப்பர் வலையில, தண்ணிக்குள்ளயே வச்சு எடுங்க. மொதல்ல அந்த சின்ன துடுப்ப பாருங்க. காட்டு மீனா இருந்தா கைய நனைச்சுக்கிட்டு, செவுள தொடாம, இடுக்கியால முள்ள எடுத்துட்டு, தலைய மேலாத்துப் பக்கம் வச்சு அது தானா உதறிட்டுப் போற வரைக்கும் தாங்கிப் பிடிங்க. ஹேட்சரி மீனா இருந்து வச்சுக்கப் போறீங்கன்னா உடனே அடிச்சு, செவுள வெட்டி ரத்தத்த வடிய விட்டு, கார்டுல அங்கயே எழுதிடுங்க. கடல்ல இருந்து புதுசா வந்த வெள்ளி மீன் குழம்புக்கும் வறுவலுக்கும் அருமை, கறுத்து சிவந்து போனது அவ்வளவு ருசி இல்ல.

தண்ணியில இறங்குறவங்களுக்கு

வேடர்ஸ் (தண்ணி புகாத கால்சட்டை) போட்டா இடுப்பு பெல்ட் கட்டாயம், விழுந்தா உள்ள தண்ணி ரொம்பாம தடுக்கிறது அதுதான். ஆணி வச்ச பூட்ஸ், ஊனிக்கிற கம்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் வேணும். தொடைக்கு மேல வேகமான தண்ணியில போகாதீங்க. மார்ச்சுக்கு மேல ஆழமில்லாத இடத்துல கூழாங்கல்லு அங்கங்க கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு தெரிஞ்சா அது முட்டை போட்ட குழி, அது மேல கால் வைக்காம சுத்திப் போங்க.

வீட்டுக்கு வந்ததும் ஜிக் பெட்டிய திறந்து வச்சு ராத்திரி முழுக்க காய விடுங்க, ஈரத்தோட மூடினா முள்ளு எல்லாம் துரு பிடிச்சிரும். உரசி சொரசொரப்பான லீடர வெட்டிப் போட்டுட்டு புதுசு கட்டி வச்சிருங்க, அடுத்த வாரம் இருட்டுல விரல் விறைச்சு நிக்கும்போது முடிச்சு போட வராது.