டேக்கில் கோயம்புத்தூர், பெட்டி டெல்லியில்: இணைப்பு விமானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த என் அத்தை, கோயம்புத்தூர் விமான நிலையத்தில் பெல்ட் முன்னால் கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தார். பெல்ட் ஓடி முடித்து நின்றுவிட்டது. பெட்டிகள் வரவில்லை. போர்டிங் பாஸின் பின்பக்கம் ஒட்டியிருந்த சின்னச் சீட்டில் சி.ஜே.பி. என்று தெளிவாக இருந்தது. அது கோயம்புத்தூரின் குறியீடு. "கடைசி வரைக்கும் போட்டாச்சுன்னு அங்க சொன்னாங்களே கண்ணு" என்றார். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த நேரத்தில் இரண்டு பெட்டிகளும் டெல்லி மூன்றாவது முனையத்தில், லண்டன் விமானத்தின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துக் கஸ்டம்ஸைத் தாண்டிக் கொண்டுவர வேண்டியவர் அவர்தான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டேக்கில் ஊர்ப் பெயர் இருந்தால் பெட்டி தானாகப் போய்விடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளை, நாட்டுக்குள் நுழையும் முதல் விமான நிலையத்திலேயே கஸ்டம்ஸ் பார்த்தாக வேண்டும். டெல்லியிலிருந்து கோவைக்குப் போவது உள்நாட்டு விமானம். அது வந்து நிற்கும் பெல்ட்டில் கஸ்டம்ஸ் அதிகாரி இருக்க மாட்டார். அதனால் இமிகிரேஷன் முடிந்ததும் பெல்ட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து, மறுபடி விமான நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்காவிலும் பொதுவாக இதே முறைதான். இந்தியாவுக்கு வரும் சில தடங்களில் விதிவிலக்கு உண்டு: அடுத்த கட்டமும் பன்னாட்டு விமானமாகவே தொடர்ந்தால், கஸ்டம்ஸ் கடைசி ஊரில் நடக்கும். ஆகவே புறப்படும் இடத்துக் கவுண்டரில் "பெட்டி எதுவரை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நடுவில் நான் எடுக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வேறு.

அடுத்தது கணக்கில் வரும் தவறு. நான் பார்த்தவரை அதிகம் பேர் விமானத்தைத் தவறவிடுவது இதனால்தான். காலை 6.10-க்கு டெல்லியில் இறங்குகிறோம், 9.10-க்குக் கோவை விமானம், மூன்று மணி நேரம் தாராளம் என்று தோன்றும். ஆனால் உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்குவதைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். ஆக, உங்கள் கெடு 8.10. தரை தொட்ட விமானம் ஊர்ந்து வந்து கதவு திறக்கவே இருபது நிமிடம் ஆகலாம். நீண்ட நடை, இமிகிரேஷன் வரிசை என்று முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டில் அரை மணி. கஸ்டம்ஸுக்குப் பத்து நிமிடம். இப்போதே மணி 7.55. மூன்று மணி நேரம் என்று நினைத்ததில் மிச்சம் இருப்பது கால் மணி. ஆளாக மட்டும் போகிறவருக்குக் கெடு போர்டிங் கேட். பெட்டியோடு போகிறவருக்குக் கெடு கவுண்டர். டிக்கெட் போடும்போதே பெட்டியின் நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழியாக வந்தால் பனிமூட்டத்துக்கும் சேர்த்து.

இந்தக் கணக்கெல்லாம் அடுத்த விமானமும் அதே கட்டடத்திலிருந்து கிளம்பினால்தான். முனையத்தைப் பார்க்காமல் டிக்கெட் போடுவது பெரிய தவறு. டெல்லியில் பன்னாட்டு விமானங்கள் வருவது மூன்றாவது முனையத்துக்கு. அங்கேயே உள்நாட்டு விமானங்களும் உண்டு. ஆனால் பல விமானங்கள் முதல் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. அது சில கிலோமீட்டர் தள்ளி; பெட்டியோடு பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போக வேண்டும். மும்பையிலும் இதே கதை: பன்னாட்டு விமானம் இறங்குவது சஹார் பக்கம் உள்ள இரண்டாவது முனையம், முதல் முனையம் இருப்பது சாந்தாக்ரூஸ் பக்கம், நடுவில் மும்பைச் சாலை. இண்டிகோ மாதிரி ஒரே நிறுவனம் இரண்டு முனையங்களிலிருந்தும் பறப்பதால், நிறுவனத்தின் பெயரை வைத்து முனையத்தை முடிவு செய்ய முடியாது. டிக்கெட்டில் டி1, டி2, டி3 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை மறுபடி பாருங்கள். சென்னையில் இறங்கித் தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ போகிறவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு, முனையங்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகிறதே என்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாகப் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனி டிக்கெட் என்றால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். எடையும் இடிக்கும். அமெரிக்காவிலிருந்து 23 கிலோவில் இரண்டு பெட்டி, வளைகுடாவிலிருந்து 30 கிலோ என்று கொண்டு வருவார்கள். தனியாக வாங்கிய உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும், அதுவும் கெடு நெருங்கும் நேரத்தில் இன்னொரு வரிசையில் நின்று. அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டி, பிள்ளைகளுக்கு என்று பார்த்துப் பார்த்து வாங்கியதை அங்கே பிரித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது. தனி டிக்கெட் தவிர வழியில்லை என்றால் கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், குறைந்தது ஐந்தாறு மணி நேரம் இடைவெளி வையுங்கள்.

ஒரே டிக்கெட்டில் வருகிறவர்கள் செய்யும் தவறு வேறு. கஸ்டம்ஸ் தாண்டியதும் கூட்டத்தோடு கூட்டமாக வெளிவாசலுக்கு நடந்துவிடுவார்கள். பெட்டியை மறுபடி ஒப்படைக்கும் டிரான்ஸ்பர் கவுண்டர் அந்த வாசலுக்கு முன்பே இருக்கும். வெளியே போய்விட்டால் மறுபடி புறப்பாட்டுத் தளத்துக்கு ஏறி, வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டியைக் கொடுக்கும்போது பழைய டேக் கிழியாமல் இருக்கிறதா, உங்கள் ஊர்க் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலை இங்கேயே பெட்டிக்குள் வையுங்கள். கையில் வைத்திருந்தால் அடுத்த பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும். அவசரத்தில் பவர் பேங்கையும் சேர்த்து உள்ளே திணித்துவிடாதீர்கள். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இமிகிரேஷன் வரிசையைக் குறைக்க ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரான ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கும், முன்பதிவு செய்து கைரேகை கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போகும் வசதி 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை, மும்பை உள்ளிட்ட இடங்களுக்கும் வந்தது. அடிக்கடி போய்வருகிறவர்கள் பதிவு செய்துகொள்வது நல்லது.

இவ்வளவு செய்தும் பெட்டி வராவிட்டால், "போன் பண்ணிச் சொல்லிக்கலாம்" என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். பெல்ட் பக்கத்திலேயே விமான நிறுவனத்தின் ஆளிடம் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். பி.ஐ.ஆர். என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி உடைந்து வந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும்.

அத்தையை அன்று அந்தப் படிவத்தை எழுதவைத்துத்தான் கூட்டி வந்தேன். அவருடைய சர்க்கரை மாத்திரை இரண்டாவது பெட்டியில் இருந்தது. வழியில் மருந்துக்கடையில் நிறுத்தி வாங்கினோம். மூன்றாம் நாள் பெட்டிகள் வந்தன. அடுத்த முறை கிளம்பும்போது மாத்திரை டப்பாவைக் கைப்பையில் வைத்துவிட்டு, "டெல்லில நானே எடுக்கணும், அப்படித்தான கண்ணு?" என்று என்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.