இண்டோல் சோதனை: சிவப்பு வளையம் சரியாக வர

ஒரு பாக்டீரியாவிடம் டிரிப்டோபனேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று பார்ப்பதே இண்டோல் சோதனை. அந்த நொதி டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும்போது இண்டோல், பைருவிக் அமிலம், அம்மோனியா மூன்றும் வெளிவரும். இதில் நாம் தேடுவது இண்டோலை மட்டும். ஈ.கோலை பாக்டீரியாவிடம் இந்த நொதி உண்டு. கிளெப்சியெல்லா நியூமோனியே பாக்டீரியாவிடம் கிடையாது. ஒவ்வொரு முறையும் இந்த இரண்டையும் கூடவே போட்டுப் பாருங்கள். அவை சரியாக வராவிட்டால் மற்ற குழாய்களின் முடிவை எழுதவே கூடாது.

பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் டிரிப்டோன் (டிரிப்டோபேன் உள்ள, சிதைத்த புரதம்) 10 கிராம், உப்பு 5 கிராம் கரைத்து, குழாய்க்கு 4 மி.லி. ஊற்றி, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம்) செய்யுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். டிரிப்டோன் தீர்ந்துபோனால் அமிலத்தால் சிதைத்த கேசினைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது. அந்த அமிலத்திலேயே டிரிப்டோபேன் அழிந்திருக்கும். குளுக்கோஸ் கலந்த ஊடகமும் ஆகாது. சர்க்கரை இருக்கும்வரை பாக்டீரியா இந்த நொதியை அதிகம் உருவாக்காது. ஈ.கோலையே நெகட்டிவ் காட்டினால் முதலில் ஊடகத்தைச் சந்தேகியுங்கள்.

இண்டோல் இருந்தால் சிவக்கும் கோவாக்ஸ் கரைசலுக்கு 75 மி.லி. ஐசோஅமைல் ஆல்கஹாலில் 5 கிராம் பாரா-டைமெத்தில்அமினோபென்சால்டிஹைடைப் போட்டு, வெந்நீர்த் தொட்டியில் இளஞ்சூட்டில் கரையுங்கள். பக்கத்தில் தீ இருக்கக் கூடாது. ஆறிய பிறகு 25 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறுகச் சிறுக விடுங்கள். எல்லாம் ஃபியூம் ஹூட்டுக்குள், கையுறையோடு. வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. பழுப்பேறியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே மேல். பழுப்பு பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தனிக் காலனியிலிருந்து (தட்டில் பாக்டீரியா பெருகி நிற்கும் புள்ளி) கம்பி லூப்பால் எடுத்துக் குழாயில் இட்டு, 35 முதல் 37 டிகிரியில் 24 மணி நேரம் வளர்த்த பின், 0.5 மி.லி. கரைசலைக் குழாயின் ஓரமாக விட்டு மெல்ல அசைத்து நிறுத்துங்கள். மேலே மிதக்கும் ஆல்கஹால் அடுக்கு செர்ரிச் சிவப்பானால் பாசிட்டிவ், மஞ்சளாகவே நின்றால் நெகட்டிவ். ஆரஞ்சு நிறம் இண்டோலை ஒத்த ஸ்கேட்டோல் என்ற சேர்மத்தால் வரலாம். அதைப் பாசிட்டிவ் என்று எழுதாதீர்கள்.

கரைசல் விட்ட குழாயைத் திரும்ப இன்குபேட்டரில் வைத்துப் பயனில்லை, அமிலத்தில் பாக்டீரியா செத்திருக்கும். ஆகவே 24 மணியில் 2 மி.லி. மட்டும் வேறு குழாய்க்கு மாற்றிச் சோதித்துவிட்டு, நெகட்டிவ் வந்தால் மறுபடி சோதிக்க மீதியை 48 மணி வரை விட்டுவையுங்கள்.

அவசரத்துக்கு, கரைசலில் நனைத்த வடிதாளில் காலனியைத் தேய்த்துப் பார்க்கும் முறையும் உண்டு. அதற்கு மக்கான்கி (சில காலனிகளை இளஞ்சிவப்பாக்கும் ஊடகம்) தட்டிலிருந்து எடுக்காதீர்கள். காலனியின் இளஞ்சிவப்பே கண்ணை ஏமாற்றும். பிளட் அகார் (இரத்தம் கலந்த ஊடகம்) காலனி போதும்.