பூத்த செடிக்கு மருந்து அடிக்கும் முன்: மாடித்தோட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்து மாடியில் கத்தரியும் தக்காளியும் மிளகாயும் பூக்கத் தொடங்கியதும், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்து உரக்கடைகளில் ஒரு தனிக் கூட்டம் சேரும். வயல்காரர்கள் அல்ல. கையில் நாலு இலையும் செல்போனில் ஒரு படமும் வைத்திருப்பவர்கள்.

"அண்ணே, இலை சுருளுது, பூவெல்லாம் கொட்டுது."

"இத லிட்டருக்கு ரெண்டு மில்லி அடிங்க. அதோட இந்த டானிக்கையும் கலந்துக்கங்க."

பேச்சு அவ்வளவுதான். எந்த இலையில் தொடங்கியது, எப்போதிலிருந்து, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. தழைந்து வளரும் பருவத்தில் தவறான மருந்து அடித்தாலும் செடி புது இலை விட்டு ஒருவாறு தேறிவிடும். பூக்கும் பருவத்தில் அந்த வசதி கிடையாது. பூ கொட்டிப்போனால் அந்தப் பட்டமே போனமாதிரி. நான் பார்த்தவரை பூத்த செடிகள் நோயால் கெடுவதைவிட, பதறிப்போய் செய்யும் வைத்தியத்தால் கெடுவதே அதிகம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். மாடியில் பச்சை நிழல்வலை கட்டியிருந்தால் அதற்குக் கீழே நின்று இலையின் நிறத்தைப் பார்க்காதீர்கள். வலை வழியாக வரும் வெளிச்சத்தில் வெளிறிய இலையும் பச்சையாகத் தெரியும், நல்ல இலையும் ஒரு மாதிரி மங்கலாகத் தெரியும். படம் எடுத்தால் இன்னும் மோசம். சந்தேகப்படும் இலையைக் கிள்ளி வலைக்கு வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து, நல்ல இலை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேதான் குடியிருக்கும்.

மஞ்சள் என்று பொதுவாகச் சொல்வது

"இலை மஞ்சளாகுது" என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்த இலை என்பதுதான் கேள்வி. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்ப முடியும். அதனால் இவை குறைந்தால் அடி இலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) அப்படி இடம் மாறாதவை. இவை குறைந்தால் கொழுந்தில் தெரியும், அடி இலைகள் பச்சையாகவே இருக்கும்.

அடி இலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துப் பற்றாக்குறை. அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். அதே 'நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள்' கொழுந்து இலையில் வந்தால் இரும்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மாடித்தோட்டத்தில் தினமும் நடக்கிறது. கொழுந்து வெளுத்த செடிக்கு எப்சம் உப்பு போட்டுக்கொண்டே இருப்பார்கள். எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியமும் கந்தகமும். இரும்பு அதில் ஏது?

இன்னொன்று, காய் பிடித்த செடியில் அடியிலிருக்கும் இரண்டு மூன்று இலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. தக்காளியில் இது கண்டிப்பாக நடக்கும். நிழலில் மாட்டிக்கொண்ட கிழ இலையிலிருந்து செடி சத்தை எடுத்துக் காய்க்கு அனுப்புகிறது. மேல் இலைகள் பச்சையாகவும் புதுப் பூ வந்துகொண்டும் இருந்தால் அந்த மஞ்சளை விட்டுவிடுங்கள். அதைப் பார்த்துப் பயந்து கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாரம் இரண்டு முறை ஊற்றினால் செடி மறுபடி தழைக்கப் போய்விடும், பூ குறைந்துவிடும். கரும்பச்சையில் தளதளவென்று நிற்கிற, ஒரு காய்கூட இல்லாத மிளகாய்ச் செடியைப் பார்த்திருப்பீர்கள்.

பூக்க வேண்டும் என்று சாம்பல்சத்தை அள்ளிப் போடுவது இதற்கு நேர் எதிர்த் தவறு. வாழைப்பழத் தோல் தண்ணீர், அடுப்புச் சாம்பல், அதற்கு மேல் கடையில் வாங்கிய பொட்டாஷ். சாம்பல்சத்து மிஞ்சினால் வேர் மெக்னீசியத்தையும் சுண்ணாம்பையும் எடுப்பது குறையும். செடிப் பையில் நிரப்பும் தென்னை நார்க்கழிவில் ஏற்கெனவே பொட்டாசியம் கணிசமாக இருக்கிறது. சரியாகக் கழுவாத கட்டியாக இருந்தால் சோடியமும் சேர்ந்து இருக்கும். அடுப்புச் சாம்பல் மண்ணின் காரத்தன்மையை ஏற்றி இரும்பையும் பூட்டிவிடும். ஆக, ஒரு சத்தைக் கொடுக்கப் போய் மூன்று சத்துக்குப் பஞ்சம் வரவழைத்துக்கொள்கிறோம்.

தண்ணீரைச் சந்தேகிக்காமல் இருப்பது

டெல்டாக்காரர்கள் தண்ணீரைக் குறை சொல்ல மாட்டோம். காவிரித் தண்ணீர் என்ற நினைப்பு. ஆனால் மாடிக்கு ஏறுவது காவிரி அல்ல, போர் தண்ணீர். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். மாடியில் தைப்பட்டச் செடி பூத்துக் காய்க்கும் மாதங்களில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. வெயில் ஏற ஏற, கடலை ஒட்டிய நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கங்களில் நிலத்தடி நீரில் உப்பும் ஏறும். கார்த்திகையில் நன்றாக இருந்த அதே செடி பங்குனியில் ஏன் ஓரம் கருகுகிறது என்பதற்குப் பல வீடுகளில் விடை இதுதான்.

உப்பின் அடையாளம் இலை நுனியும் விளிம்பும் காய்ந்து பழுப்பாவது. பையின் ஓரத்திலும் மண்ணின் மேலும் வெள்ளைப் படிவு இருக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடியதுபோல் தெரியும். இதை இலைக்கருகல் நோய் என்று நினைத்துப் பூஞ்சாணக்கொல்லி அடிப்பவர்கள் ஏராளம். பயிருக்குப் பயிர் தாங்கும் அளவு வேறு. மண்ணின் உப்பு அளவு மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் (உப்பை அளக்கும் அலகு) தாண்டும்போதே பீன்ஸ் விளைச்சல் குறையத் தொடங்கும், மிளகாய்க்கு 1.5 அளவில், தக்காளிக்கு 2.5 அளவில். அதனால் ஒரே தண்ணீரை ஊற்றும் மாடியில் தக்காளி நன்றாக இருந்து மிளகாய் மட்டும் கருகினால் மிளகாய்க்குத் தனியாக ஏதோ நோய் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இதில் மிக மோசமான பழக்கம் ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அந்தக் குழாயில்தான் வருகிறது. போர் தண்ணீரைவிட அது உப்பு. வாசல் கழுவலாம், கழிவறைக்கு விடலாம், செடிக்கு வேண்டாம். வீட்டில் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் போர், ஆர்.ஓ. கழிவு, பைக்கு அடியில் வடியும் தண்ணீர் மூன்றையும் அளந்து பாருங்கள். வடியும் தண்ணீரின் எண் ஊற்றும் தண்ணீரைவிடப் பல மடங்கு என்றால் பையில் உப்பு தேங்கியிருக்கிறது. பை கொள்ளும் அளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும். பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு அநேகமாக இருக்காது. கழுவிய பிறகு கொஞ்சம் சத்தும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் உப்போடு தழைச்சத்தும் போயிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. அப்போது அடைமழையில் பை ஊறிக்கிடக்கும், வேர் மூச்சுவிட வழியிருக்காது, செடி வாடும். வாடுகிறதே என்று மறுபடி தண்ணீர் ஊற்றுவார்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

தக்காளிக் காயின் அடி கறுத்துத் தோல்போல் ஆவதும் தண்ணீர் விஷயம்தான். சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்பது சரி. ஆனால் பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணில் இருக்கும், காய்க்குப் போய்ச் சேராது. அது தண்ணீரோடு மட்டுமே பயணிக்கும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் போக்கு அறுந்துபோகும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கரைந்து வேருக்குக் கிடைப்பதற்குள் இந்தச் செடியின் ஆயுளே முடிந்திருக்கும். காலையும் மாலையும் அளவாக ஊற்றுவதும், மண்ணின் மேல் வைக்கோல் மூடாக்குப் போடுவதும் உடனே பலன் தரும். டெல்டாவில் வைக்கோலுக்கு என்ன பஞ்சம்.

சுருட்டை எல்லாம் ஒன்று என்று நினைப்பது

மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகினால் மஞ்சள் சிலந்திப்பேன். இலை சிறுத்து, கணு நெருங்கி, செடியே குட்டையாகிப் புதர்போல் ஆனால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல, எட்டுக் கால் கொண்டது. பூச்சிக்கொல்லி பலவற்றுக்கு அது அசையாது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்துப்போய் அது இன்னும் பெருகும். வைரஸ் வந்த செடிக்கு மருந்தே இல்லை, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் தேமல் நோயும் அப்படித்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி: பூங்கொத்துக்கும் கொழுந்துக்கும் கீழே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். மெல்லிய கோடுபோல் ஊர்ந்தால் இலைப்பேன். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளை அழித்த கருப்பு இலைப்பேன் பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும். இலையை மட்டும் பார்த்தால் தெரியாது. மஞ்சள் சிலந்திப்பேன் தாளில் கண்ணுக்கு அகப்படாது, அதற்கு லென்ஸ் வேண்டும். பூச்சி பிடிக்கும் ஒட்டும் அட்டையில் மஞ்சள் நிறம் வெள்ளை ஈக்கு, நீல நிறம் இலைப்பேனுக்கு.

பூ உதிர்ந்தாலே நோய் என்பது

கத்தரிப் பூக்களை உற்றுப் பாருங்கள். சிலவற்றில் சூல்முடி மகரந்தக் கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் உள்ளேயே குட்டையாக நிற்கும். குட்டையானவை காய்க்காது, உதிர்ந்துவிடும். அது செடியின் இயல்பு. ஆனால் எல்லாப் பூவுமே குட்டையாக வந்தால் சத்துக் குறைவையோ வெப்பத்தையோ யோசிக்கலாம். பூசணி, சுரை, பாகல் கொடிகளில் ஆண் பூ முதலில் வந்து உதிரும், பெண் பூ பின்னால்தான் வரும். அதற்குள் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலை இரண்டு முறை அடித்து முடித்திருப்பார்கள்.

தக்காளிக்கு வெயில் ஒரு தனிக் கணக்கு. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காத சித்திரை நாட்களில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். எந்த டானிக்காலும் இரவைக் குளிர்விக்க முடியாது. மதிய வெயிலுக்கு நிழல் கொடுத்து, செடியைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பூச்சி வராமல் நாலு பக்கமும் வலை அடைத்தவர்களுக்கு வேறு சிக்கல்: தேனீயும் வராது. தக்காளி, கத்தரி, மிளகாய்க்குக் காலையில் பூங்கொத்தை லேசாகத் தட்டிவிட்டால் போதும். கொடிகளுக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தடவ வேண்டும்.

வாடும் செடி

கத்தரியில் நுனித்தண்டு மட்டும் தலை தொங்கினால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. அந்த நுனியைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். குருத்தும் காயும் துளைக்கும் அதே புழு. கீழே இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டி அழித்துவிடுங்கள்.

முழுச் செடியும் பச்சையாக இருக்கும்போதே ஓரிரு நாளில் துவண்டால் அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வெட்டுமுனை தொடும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தப் பை மண்ணில் மறுபடி கத்தரி, தக்காளி, மிளகாய் வைக்கக் கூடாது. இழை இறங்காவிட்டால் வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. ஒரே மண்கலவையை வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கும் மாடிகளில் இது சகஜம்.

அடிக்கும் முறையில் கோட்டை விடுவது

சரியாகக் கண்டுபிடித்த பிறகும் காரியம் கெடுவது இங்கேதான். உச்சி வெயிலில் வேப்பெண்ணெய் அடித்தால் இலை பொசுங்கும். லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம். விரிந்த பூவின் மேல் நேராக அடிக்காதீர்கள். எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் நனையும் கந்தகம் அடித்தால் செடி கருகும். பூசணி வகைக் கொடிகளுக்குக் கந்தகம் தனியாகவே ஒத்துக்கொள்ளாது. பஞ்சகவ்யம் 3 சதவீதம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி, 'கூட இருந்தா நல்லதுதானே' என்று கணக்கில்லாமல் ஊற்றுவது அல்ல. பஞ்சகவ்யம், மீன் அமிலம், டானிக், பூச்சிமருந்து எல்லாவற்றையும் ஒரே தெளிப்பானில் கலந்து அடித்தால் செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, கருகினாலும் தெரியாது. ஒன்றைச் செய்து ஐந்தாறு நாள் பொறுங்கள். பழைய இலையின் கறை மறையாது, புதிதாக வரும் இலையையும் மொட்டையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

பிடிபடவில்லை என்றால் நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாலு இலையைக் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோனால் போய்ச் சேர்வதற்குள் வெந்துபோயிருக்கும். பாதித்த செடி ஒன்றை வேரோடு, மண் ஒட்டியபடி செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். கூடவே ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டில், கடந்த மூன்று வாரத்தில் போட்டது அடித்தது எல்லாவற்றின் பட்டியல். பூச்சிமருந்துப் பாக்கெட்டின் பெயர் மறந்துவிட்டால் காலி பாக்கெட்டையே கொண்டுபோகலாம்.